ட்ரிபிள் ஈயா, ஏஐ டேட்டா சயின்ஸா? மகளுக்கு எதை எடுப்பது?

கேள்வி: 2 ஜூலை 2024

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கணக்கு 96, இயற்பியல் 79, வேதியியல் 83. கட் ஆஃப் 200க்கு 177. பிற்படுத்தப்பட்ட வகுப்பு (பிசி). திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) கிடைக்க வாய்ப்பிருக்கிறது என்கிறார்கள். பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் ஒரு தனியார் கல்லூரி இருக்கிறது, அங்கே ஏஐ டேட்டா சயின்ஸ் கட்டாயம் கிடைக்கும். கம்ப்யூட்டர் தவிர எதை எடுத்தாலும் வேலை இல்லை என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டு. ட்ரிபிள் ஈ போஸ்ட் ஏறுகிற வேலை, பெண் பிள்ளைக்குச் சரிப்படாது என்றும் ஒரு பேச்சு. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

2 ஜூலை, இரவு 10.40

நான் ட்ரிபிள் ஈ படித்தவள். 2003லிருந்து அதே துறையில்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனாலும் "ட்ரிபிள் ஈ எடுங்கள்" என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள் அண்ணே. 2024ல் சேர்கிறவர்களுக்கான அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப் பாடத்திட்டம் இணையத்தில் இருக்கிறது. இரண்டு பிரிவுக்கும் இறக்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு செமஸ்டரை விட்டுவிடுங்கள், கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், பைத்தான் என்று பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்றுதான். மூன்றாவது, நான்காவது செமஸ்டரை எடுத்து மகள் கையில் கொடுங்கள். ட்ரிபிள் ஈ என்றால் மின்காந்தப் புலம், மின் இயந்திரங்கள், அளவீடு. ஏஐ என்றால் நிகழ்தகவும் புள்ளியியலும், அல்காரிதம், மெஷின் லேர்னிங். மெக்கானிக்கலைத் தொட்டுப் பார்க்க நினைத்தால் தெர்மோடைனமிக்ஸ், திரவ இயக்கவியல், பொருட்களின் வலிமை. சிவிலுக்கு சர்வே, மண் இயக்கவியல்.

துறையின் பெயர் சான்றிதழில் இருக்கும். மூன்று வருடம் தினமும் காலை ஒன்பது மணிக்கு எதிரே உட்காரப்போவது இந்தப் பாடங்கள். எந்தப் பட்டியலைப் படிக்கும்போது அவளுக்கு அடுத்த பக்கம் திருப்பத் தோன்றுகிறது என்று பாருங்கள்.

3 ஜூலை, மாலை

போஸ்ட் ஏறுகிற பேச்சுக்கு வருகிறேன்.

போஸ்ட் ஏறுவது லைன்மேன், வயர்மேன் வேலை. உயிரைப் பணயம் வைக்கிற, நமக்கெல்லாம் விளக்கெரிய வைக்கிற வேலை அது, இழிவாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் பி.இ. முடித்தவள் செய்வது வேறு. ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளுக்கான துணைமின் நிலையம். 33 கேவி-யை 110 கேவி-க்கு ஏற்றும் புது டிரான்ஸ்ஃபார்மர். காலையில் சார்ஜ் செய்தபோது ஒரு குறையும் இல்லை. மதியம் கணவாயில் காற்று ஏறி லோடு வந்ததும் டிஃபரன்ஷியல் ரிலே என்ற பாதுகாப்புக் கருவி அடித்து மொத்தமும் நின்றது. டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே கோளாறு என்றால்தான் அந்த ரிலே அடிக்க வேண்டும். எல்லோர் முகத்திலும் கலவரம். ரிலேயில் பதிவான அலைவடிவத்தை லேப்டாப்பில் இறக்கிப் பார்த்தேன். மூன்று ஃபேஸில் இரண்டு ஒழுங்காக இருந்தன, ஒன்று தலைகீழ். டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகும் மின்னோட்டமும் வெளியே வரும் மின்னோட்டமும் ரிலேக்குள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள வேண்டும். மின்னோட்டத்தை அளந்து ரிலேக்குச் சொல்கிற சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) ஒன்றில் எஸ்1, எஸ்2 என்ற இரு முனை வயர்கள் மாறியிருந்ததால் அந்த ஃபேஸில் மட்டும் கூட்டிக்கொண்டன. காலையில் லோடே இல்லை, கூட்டினாலும் கழித்தாலும் ஒன்றும் தெரியாது. மதியம் தெரிந்துவிட்டது. சப்ளையை நிறுத்தி, எர்த் போட்டு, இரண்டு வயரை மாற்றினோம். டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு கீறல் கூட இல்லை.

அந்த இடத்தில் தேவைப்பட்டது இரண்டாம் வருடத்தில் படித்த வெக்டர் படமும், பயப்படாமல் யோசிக்கிற மனசும். இதில் ஆண் என்ன, பெண் என்ன?

இரவுப் பணி உண்டு, வெயில் உண்டு. சில தளங்களில் பெண்களுக்குக் கழிப்பறை கூட இருக்காது, போய்ச் சேர்ந்த முதல் வாரமே சண்டை போட்டு வாங்க வேண்டியிருக்கும். அதையும் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். டிசைன், புரொடெக்‌ஷன் ஸ்டடி, லோடு டெஸ்பாட்ச் (மின் உற்பத்தியையும் தேவையையும் சமன்படுத்துவது) என்று அறைக்குள் இருந்து செய்யும் வேலைகளும் இதே படிப்பில் ஏராளம்.

3 ஜூலை, இரவு

"கோர் கம்பெனியில் (படித்த துறையிலேயே வேலை தருகிற கம்பெனி) ஆரம்பச் சம்பளம் கேவலம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெரும்பாலான இடங்களில் உண்மை. முதல் மூன்று நான்கு வருடம் ஐடி-க்குப் போன நண்பர்களைப் பார்த்தால் வயிறெரியும். அனுபவம் ஏறிய பிறகு நிலைமை மாறுகிறது, ஆனால் அதுவரை தாக்குப்பிடிக்க வீட்டில் வசதி இருக்க வேண்டும். இதை விரிவாக எழுத வேண்டும், இன்னொரு நாள்.

6 ஜூலை

இந்த வருடம் எதற்கு மவுசு என்று பார்த்து எடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சேர்வது இன்று, வெளியே வருவது நான்கு வருடம் கழித்து.

நான் சேர்ந்தது 1999ல். அப்போது நுழைவுத் தேர்வு இருந்தது, கட் ஆஃப் 300க்கு. கலந்தாய்வுக்குக் கிண்டிக்கு நேரில் போக வேண்டும். ஒய்2கே காலம் அது, 2000 பிறந்தால் கம்ப்யூட்டர்களில் தேதி குழம்பும் என்று சரிசெய்ய ஆள் தேடிய நேரம். கம்ப்யூட்டர் என்று எழுதிய இடமெல்லாம் நிமிடத்தில் தீர்ந்தது. அப்படி அடித்துப்பிடித்து எடுத்தவர்கள் 2003ல் வெளியே வந்தபோது டாட்காம் சரிவின் தாக்கம் இன்னும் தீரவில்லை, கேம்பஸுக்கு வந்த கம்பெனிகளை விரல்விட்டு எண்ணலாம். கம்ப்யூட்டரைப் பார்த்து எல்லோரும் பயந்த அந்தச் சமயத்தில் துணிந்து சேர்ந்தவர்கள் 2007ல் வெளியே வந்தார்கள், ஒவ்வொரு கல்லூரியிலும் கும்பல் கும்பலாக அள்ளிக்கொண்டு போனார்கள். 2009ல் முடித்தவர்கள் கையில் ஆஃபர் லெட்டரோடு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இசிஇ-க்கும் (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) இதே கதை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006ல் திறந்தது, 2014ல் மூடியது. அதை நம்பி இசிஇ எடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பிறகு ஒரு அலை மெக்கானிக்கலுக்கு. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை கார் தொழிற்சாலைகளைக் காட்டிக் காட்டியே சீட் நிரம்பியது. மெக்கானிக்கல் கிடைக்கவில்லை என்று அழுத பையனைப் பார்த்திருக்கிறேன். இன்று பல கல்லூரிகளில் அதே மெக்கானிக்கலுக்கு ஆள் தேடுகிறார்கள்.

ஆகவே 2024ன் பேச்சை வைத்து 2028ஐத் தீர்மானிக்க முடியாது. அந்தப் பாடத்தில் நிஜமாகவே கெட்டிக்காரியாக இருப்பவளுக்கு மந்தமான வருடத்திலும் ஒரு கதவு திறக்கிறது. பிடிக்காமல் படித்து ஆறேழு அரியரோடு வெளியே வருபவனுக்கு நல்ல வருடத்திலும் திறப்பதில்லை.

9 ஜூலை

ஏஐ டேட்டா சயின்ஸை நான் குறைத்துப் பேசுவதாக ஒரு தம்பிக்கு வருத்தம். படிப்பின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கணக்கில் 96 எடுத்த பெண்ணுக்கு லீனியர் ஆல்ஜீப்ராவும் புள்ளியியலும் விருந்தாகவே அமையலாம். என் கவலை சொல்லிக்கொடுக்கிற ஆள் பற்றியது.

இங்கே பெரும்பாலான கல்லூரிகளில் இந்தப் பிரிவு 2020லோ அதற்குப் பிறகோ வந்தது. முதல் அணியே இப்போதுதான் வெளியே வருகிறது. அதோடு, ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்று இருந்த உச்சவரம்பை ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) 2024-25 கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டது. வசதி இருக்கிறது என்று காட்டும் கல்லூரி கம்ப்யூட்டர் சார்ந்த இடங்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். இடம் ஒரே வருடத்தில் கூடும். ஆசிரியர்?

அந்தத் தனியார் கல்லூரிக்குப் போய்த் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், புள்ளியியல் பாடத்தை யார் எடுக்கிறார், எத்தனை வருடமாக எடுக்கிறார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

10 ஜூலை, காலை

7.5 சதவீத ஒதுக்கீடு பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி அதில் வராது. அந்த ஒதுக்கீட்டில் சேர்கிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. அந்தத் தகுதி உள்ளவர்கள் கட்டணத்துக்குப் பயந்து தூரத்துக் கல்லூரியை ஒதுக்காதீர்கள்.

14 ஜூலை

கல்லூரியை நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு.

வரவேற்பறையில் பெரிய பெரிய சம்பளத்தோடு ப்ளேஸ்மென்ட் போட்டோ மாட்டியிருப்பார்கள். அதன் முன்னால் நிற்க வேண்டாம். லேபைக் காட்டச் சொல்லுங்கள். ட்ரிபிள் ஈ என்றால் மெஷின்ஸ் லேப். அங்கே மோட்டாருக்கு லோடு கொடுக்க ஒரு பிரேக் டிரம் இருக்கும், அதைச் சுற்றி ஒரு பெல்ட், இரண்டு முனையிலும் ஸ்பிரிங் தராசு. பெல்ட்டை இறுக்கினால் டிரம் சூடேறும், அதனால் உள்ளே தண்ணீர் ஊற்றிக்கொண்டே சோதனை செய்வோம். நன்றாக ஓடுகிற லேபில் டிரம்மின் வெளிப்பக்கம் பெல்ட் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று இருக்கும், பெல்ட் கருகிப் போயிருக்கும், தரையில் தண்ணீர்க் கறை இருக்கும். டிரம் முழுக்கத் துரு படிந்து, பெல்ட் புதுக்கருக்கு மாறாமல் தொங்கினால் அந்த மோட்டாரைப் பிள்ளைகள் தொடவே இல்லை, முந்தைய வருட ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதுகிறார்கள் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தி படித்த கல்லூரியில் ஆய்வுக்குழு வருகிற வாரம் மட்டும்தான் லேபின் பூட்டு திறந்தது.

கம்ப்யூட்டர் பிரிவானால் லேப் சாயங்காலம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். ஆசிரியரைக் கேட்க வேண்டாம், கேன்டீனில் நிற்கிற மூன்றாம் வருடப் பையனைக் கேளுங்கள்.

இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி சதவீதத்தை அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டர் தேர்வுக்கும் வெளியிடுகிறது. ஒரே வருடத்தைப் பார்க்காமல் மூன்று நான்கு தேர்வுகளைச் சேர்த்துப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அந்த எண்ணையும் இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

15 ஜூலை

பட்டத்தின் பெயர் பற்றி ஒரு விஷயம், அரசு வேலை ஆசை உள்ள வீடுகளுக்கு.

டிஎன்பிஎஸ்சி பொறியியல் பணிகளுக்கும் மின்வாரிய உதவிப் பொறியாளர் பணிக்கும் அறிவிக்கை வரும்போது இன்ன பட்டம் என்று எழுதியிருக்கும். சிவில், மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ போன்ற தாய்ப் பிரிவுகளுக்குச் சிக்கல் இல்லை. புதிதாக முளைத்த, நீளமான பெயர் கொண்ட பிரிவுகளுக்கு "இது அதற்கு இணையானது" என்று அரசாணை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்வில் தேறியும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்க நேரும். சேருவதற்கு முன்னால் இணைத்தன்மை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

19 ஜூலை

3ஆம் தேதி இரவு சம்பளம் பற்றிப் பாதியில் விட்டதை எழுதுகிறேன். இடையில் வந்த பதில்களைப் படித்ததில் 6ஆம் தேதி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றும் தோன்றியது.

"பிடித்ததைப் படி" என்பதைக் கடன் இல்லாத வீட்டில் சொல்வது எளிது. என் சித்தி மகன் ஐடி எடுத்தான். சித்தப்பா இறந்து, வீடு அடமானத்தில், கீழே இரண்டு தங்கைகள். அவனுக்குப் பிடித்தது சிவில். ஊரில் கொத்தனார் கட்டடம் கட்டினால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். ஆனாலும் கணக்குப் போட்டு ஐடி எடுத்தான், சென்னைக்குப் போனான். அடமானம் மீண்டது, தங்கைகள் இருவரும் படித்தார்கள். இப்போது ஊரில் தான் கட்டுகிற வீட்டுக்கு ஒவ்வொரு கம்பியையும் அவனே நின்று கட்டச் சொல்கிறான். அவன் எடுத்த முடிவை யார் தப்பென்று சொல்ல முடியும்? அந்த வீட்டுக்கு அதுதான் சரி.

ஆகவே முதல் சம்பளம் எவ்வளவு சீக்கிரம் வர வேண்டும் என்ற கேள்வியை அப்பா அம்மா ஒளிக்காமல் பிள்ளையோடு பேச வேண்டும். கல்விக் கடன் எவ்வளவு, வட்டி எப்போதிலிருந்து, தவணை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் பிள்ளை கம்ப்யூட்டர் கேட்டால் அது ஊர்ப் பேச்சுக்கு மயங்கியதாகாது.

22 ஜூலை

அதிகம் பேசப்படாத பிரிவுகள் கேட்டவருக்கு. கிண்டி ஏ.சி. டெக்கில் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) தோல் தொழில்நுட்பம் இருக்கிறது, பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தொழில் கண்ணெதிரே இருக்கிறது. காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) வேதியியல்-மின்வேதியியல் பொறியியல், பேட்டரி பற்றி ஆசை உள்ள பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டிய இடம். குறுகிய பிரிவுதான், ஆனால் பின்னால் ஆய்வுக்கூடமும் தொழிலும் நிற்கிற குறுகிய பிரிவு. பெயர் மட்டும் புதிதாக இருப்பதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

டிப்ளமோ முடித்தவர்கள் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம், அதற்குத் தனிக் கலந்தாய்வு. கையில் வேலை பழகி வருகிற அந்தப் பிள்ளைகள் லேபில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டார்கள். கணக்கில் மட்டும் மூன்றாவது செமஸ்டரில் திணறுவார்கள், அதற்குத் தயாராக வர வேண்டும்.

5 ஆகஸ்ட்

சாய்ஸ் ஃபில்லிங், அதாவது கலந்தாய்வுக்கு வேண்டிய கல்லூரி, பிரிவுகளை வரிசைப்படுத்தி இணையத்தில் பதிவது. இதில்தான் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளும் கோட்டை விடுகிறார்கள். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ரேங்க் வரிசையில் ஒவ்வொரு பிள்ளையாக எடுத்து, அந்தப் பிள்ளையின் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுப்பார்கள். அவ்வளவுதான் முறை. கிடைக்காது என்று தெரிந்த இடத்தை மேலே எழுதினாலும் நஷ்டம் இல்லை, அது இல்லையென்றால் அடுத்ததற்கு இறங்கும். நஷ்டம் வருவது தலைகீழாக எழுதினால். "கட்டாயம் கிடைக்கும்" என்று ஒன்றை முதல் வரியில் போட்டால் அதுவே கிடைத்துவிடும், கீழே எழுதிய ஆசைப்பட்ட இடத்தை யாரும் பார்க்கவே மாட்டார்கள். ஆசை எந்த வரிசையோ எழுத்தும் அதே வரிசை. எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம், கஞ்சத்தனம் வேண்டாம்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே பிரிவு இரண்டு வகையாக இருக்கும், ஒன்று உதவி பெறும் இடம், இன்னொன்று சுயநிதி. கட்டணம் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். குறியீட்டை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்திருக்கும் பையன் அவசரத்தில் மாற்றித் தட்டிவிட்டால் நான்கு வருடம் அனுபவிப்பது நீங்கள்.

பாஸ்வேர்டையும் ஓடிபி-யையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். "நான் ஃபில் பண்ணித் தருகிறேன்" என்று சில கல்லூரிகளின் ஏஜென்ட்டுகள் வீடு தேடி வருகிறார்கள்.

8 ஆகஸ்ட்

அண்ணே, ஒரு மாதத்துக்கு மேலாகப் பேசுகிறோம். நீங்கள் சொன்னது, மாமா சொன்னது, பக்கத்து வீட்டு வாத்தியார் சொன்னது எல்லாம் வந்துவிட்டது. மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி கூட இன்னும் வரவில்லை. பாடத்திட்டத்தைக் கொடுத்தீர்களா?

9 ஆகஸ்ட்

பார்த்தேன். அவள் இரண்டையும் படித்துவிட்டு ட்ரிபிள் ஈ பட்டியலில் நிறைய அடிக்கோடு போட்டாள், ஆனால் புரோகிராமிங்கை விட மனமில்லை, இரண்டும் வேண்டும் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அருமையான பதில் அது. அந்தப் பிள்ளையை அப்படியே நம்புங்கள்.

இரண்டும் முடியும். 2021 ஒழுங்குமுறையில் கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் மைனர் டிகிரி என்று ஒரு வழி இருக்கிறது, அதில் பிசினஸ் டேட்டா அனலிடிக்ஸும் உண்டு. தன்னாட்சிக் கல்லூரிகளில் அவரவர் விதி. அது இல்லாமலேயே இன்று எங்கள் துறையில் பைத்தான் தெரிந்தவளுக்குத் தனி மரியாதை. நாளைக்கு எவ்வளவு காற்று வரும், எத்தனை மெகாவாட் என்று முன்கூட்டியே கணித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணிப்பு செய்கிறவர்களுக்கு மெஷின் லேர்னிங் தெரியும், கிரிட் (மின் தொகுப்பு) என்றால் என்னவென்று தெரிவதில்லை. எங்களுக்கு கிரிட் தெரியும், மற்றது தெரிவதில்லை. இரண்டும் தெரிந்த ஒருத்தி வந்தால் எங்கள் அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள்.

முதல் வரியில் திருநெல்வேலி ட்ரிபிள் ஈ, அடுத்து மற்ற அரசுக் கல்லூரிகளில் அதே பிரிவு, பிறகு இசிஇ, அதன் கீழே அந்தத் தனியார் கல்லூரி. என் கருத்து இது. வரிசையை அவளே எழுதட்டும்.

தனியார் கல்லூரி பஸ் தூரத்தில் இருப்பதால் மனைவி அதையே விரும்புகிறார் என்றீர்கள். விடுதியைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு.

20 ஆகஸ்ட்

கலந்தாய்வில் இடம் ஒதுக்கிய பிறகு இணையப் பக்கத்தில் என்ன அழுத்துவது என்று மூன்று பேர் கேட்டிருப்பதால் இங்கேயே. கிடைத்தது முழுத் திருப்தி என்றால் ஏற்றுச் சேருங்கள். கிடைத்தது வேண்டும், ஆனால் பட்டியலில் அதற்கு மேலே உள்ளது காலியானால் அதற்கு மாறவும் ஆசை என்றால் ஏற்று, மேல்நகர்வு கேட்கலாம். மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஆகவே அந்தப் பொத்தானை அழுத்தும் முன் மேலே எழுதியவை ஒவ்வொன்றையும் உண்மையாகவே விரும்புகிறீர்களா என்று பாருங்கள். குறித்த நாளுக்குள் எதுவும் அழுத்தாமல் விட்டால் இடமே போய்விடும்.

குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் படிக்கப் போகிறவர்களில், அதற்கான முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்காதவர்கள் இ-சேவை மையத்துக்கு நாளைக்கே போங்கள்.